பிசிஆருக்கு மாறியதும் சி.டிஃப் எண்ணிக்கை இரட்டிப்பு: நோய்ப் பரவலா, பரிசோதனையின் வேலையா?

#1 புதுலேப்

சி.டிஃப், அதாவது வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குடல் கிருமியான கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில், பற்றிய கேள்வி. ஒரு லேப் இதுவரை நச்சுக்கான எலைசா (எதிர்ப்பொருளால் நச்சைப் பிடிக்கும் சோதனை) மட்டும் செய்துவந்து, இப்போது பிசிஆருக்கு (மரபணுவைத் தேடும் சோதனை) மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதப் பாசிட்டிவ் எண்ணிக்கை இரண்டு மடங்காகிறது. தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு வார்டை மூடலாமா என்று கேட்கிறது. வார்டு மருத்துவர்களோ "இத்தனை நாள் நீங்கள் தவறவிட்டதை இப்போது பிடிக்கிறீர்கள், அவ்வளவுதான்" என்கிறார்கள். இரண்டில் எது சரி? எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?

#2 காற்றில்லாப்பெட்டி

எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு தரப்பும் பாதிதான் சரி.

ஒவ்வொரு பரிசோதனையும் எதைப் பார்க்கிறது என்பதைப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஜிடிஎச் என்பது குளூட்டமேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதி. சி.டிஃப் இனம் எதுவானாலும் அதைச் சுரக்கும், நச்சு தயாரிக்காத இனமும்கூட. ஆக, ஜிடிஎச் பாசிட்டிவ் என்றால் "கிருமி குடலில் இருக்கிறது" என்பதற்கு மேல் பொருள் இல்லை. பிசிஆர் பெரும்பாலும் டிசிடிபி மரபணுவைத் தேடுகிறது. அது பாசிட்டிவ் என்றால் நச்சு தயாரிக்கும் ஆற்றல் உள்ள இனம் இருக்கிறது. இப்போது தயாரிக்கிறதா என்று தெரியாது. நச்சு எலைசா ஒன்றுதான் ஏ, பி நச்சுகளை நேரடியாகப் பார்ப்பது. அது பாசிட்டிவ் என்றால் நம்பலாம். நெகட்டிவ் என்றால் அவ்வளவு நம்ப முடியாது, ஏனென்றால் குறைந்த அளவு நச்சைத் தவறவிடும்.

மருத்துவமனையில் நீண்ட நாள் இருப்பவர்களில் கணிசமானவர்கள் எந்த அறிகுறியும் இல்லாமலே இந்தக் கிருமியைச் சுமக்கிறார்கள். அவர்களுக்கு மலமிளக்கியாலோ குழாய் உணவாலோ வயிற்றுப்போக்கு வந்து சாம்பிள் வந்தால், பிசிஆர் "பாசிட்டிவ்" என்றுதான் சொல்லும். அதன் வேலையை அது சரியாகத்தான் செய்கிறது. நாம் கேட்ட கேள்விதான் தவறு.

கணக்குக்காக 1,000 சாம்பிள் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மை நோய் 50 பேருக்கு, வெறும் சுமப்பவர்கள் 80 பேர். 95% உணர்திறன் உள்ள (கிருமி இருக்கும் 100 பேரில் 95 பேரைப் பிடிக்கும்) பிசிஆர் முதல் கூட்டத்தில் சுமார் 48 பேரையும் இரண்டாவதில் 76 பேரையும் பிடிக்கும். மொத்தம் 124 பாசிட்டிவ், அதில் நோயாளிகள் 48. மீதி 76 பேருக்கும் தனியறை, வான்கோமைசின் மருந்து, கேஸ் ஷீட்டில் ஒரு முத்திரை. எண்கள் கற்பனைதான். ஆனால் சுமப்பவர் விகிதம் உயர உயர என்ன ஆகும் என்பது இதிலேயே தெரியும்.

#3 மூன்றாம்மாடி வார்டு

மேற்கோள்: "நச்சு எலைசா ஒன்றுதான் நச்சுகளை நேரடியாகப் பார்ப்பது"

எலைசாவைக் கொஞ்சம் அதிகமாகவே தாங்கிப் பிடிக்கிறீர்கள் சார். நச்சைப் பார்க்க வீரோ செல்களில் (லேப்பில் வளர்க்கும் குரங்குச் சிறுநீரகச் செல்கள்) செய்யும் சைட்டோடாக்ஸின் முறையும் இருக்கிறதே. செல் உருண்டுபோகும், எதிர்நச்சு சேர்த்தால் உருளாது. எலைசாவைவிட நுட்பமானது.

அப்புறம், வார்டுப் பக்கம் இருந்து பார்த்தால் எலைசா நெகட்டிவ் ஆபத்தான விடை. வெள்ளணு 15,000-ஐத் தாண்டி, கிரியாட்டினின் 1.5-க்கு மேல் ஏறி, வயிறு உப்பி இருப்பவரை "நச்சு இல்லை" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு சும்மா விட முடியுமா? பழைய லேப்கள் எலைசா மட்டும் வைத்திருந்த காலத்தில் மருத்துவர்கள் மூன்று சாம்பிள் தொடர்ந்து அனுப்பியது இந்த அவநம்பிக்கையால்தான்.

#4 காற்றில்லாப்பெட்டி

சைட்டோடாக்ஸின் பற்றிச் சொன்னது சரி, என் வாக்கியம் தவறு. ஆனால் அது 24 முதல் 48 மணி நேரம் எடுக்கும், செல் வளர்ப்பு வசதி வேண்டும். அன்றாட லேப்பில் நடக்காது. ஒப்பீட்டு ஆய்வுகளில் அளவுகோலாகத்தான் இன்று பயன்படுகிறது.

எலைசா மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. எதுவும் தனியாகப் போதாது என்பதே என் கட்சி. ஐரோப்பிய வழிகாட்டுதல் 2016-இலிருந்து சொல்வதும் இதுதான்: முதல் படி உணர்திறன் கூடிய சோதனை, அது ஜிடிஎச் ஆகவோ பிசிஆர் ஆகவோ இருக்கலாம். அது நெகட்டிவ் என்றால் அங்கேயே நிறுத்து. பாசிட்டிவ் என்றால் இரண்டாம் படியாக நச்சு எலைசா.

அறிக்கையில் எப்படி எழுதுவது என்பதில்தான் பல லேப்கள் கோட்டை விடுகின்றன. "பிசிஆர்: பாசிட்டிவ்" என்று ஒற்றை வரியில் அனுப்பினால் இரவுப் பணியில் இருப்பவர் மருந்தை ஆரம்பித்துவிடுவார். இப்படி எழுதலாம்:

— ஜிடிஎச் நெகட்டிவ், நச்சு நெகட்டிவ்: "சி.டிஃப் தொற்றுக்கு ஆதாரமில்லை. 7 நாட்களுக்குள் மறுபரிசோதனை ஏற்கப்படாது."

— ஜிடிஎச் பாசிட்டிவ், நச்சு பாசிட்டிவ்: "அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கையில் சி.டிஃப் தொற்றுக்குப் பொருந்துகிறது." வார்டுக்கு உடனே போன்.

— ஜிடிஎச் பாசிட்டிவ், நச்சு நெகட்டிவ்: பிசிஆர் நடுவராக வரும். அதுவும் நெகட்டிவ் என்றால் நச்சில்லா இனம், சிகிச்சை வேண்டாம். அது பாசிட்டிவ் என்றால் "நச்சு தயாரிக்கக்கூடிய இனம் உள்ளது, நச்சு காணப்படவில்லை. சுமப்பவராக இருக்கலாம், குறைந்த அளவு நச்சாகவும் இருக்கலாம். நோயாளியின் நிலையைப் பார்த்து முடிவெடுக்கவும். கிருமியை வெளியேற்றக்கூடியவர், தொடுகைத் தடுப்பு (தனியறை, கையுறை, கவுன்) தொடரட்டும்."

நீங்கள் சொன்ன வெள்ளணு 15,000 நோயாளி இந்த மூன்றாவது கட்டத்தில் வருவார். அவருக்குச் சிகிச்சை கொடுப்பதை அறிக்கை தடுக்கவில்லை. மலமிளக்கி குடித்துவிட்டு நன்றாக உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுப்பதைத்தான் யோசிக்க வைக்கிறது.

பிசிஆரின் சிடி எண்ணை (எத்தனையாவது சுழற்சியில் பாசிட்டிவ் ஆனது என்பதை) வைத்தே பிரித்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். எண் குறைவாக இருந்தால் நச்சும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் எல்லாக் கருவிக்கும் பொதுவான வெட்டுக்கோடு கிடையாது. ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது.

#5 தட்டும் குச்சியும்

எல்லோரும் இரண்டாம் படி, மூன்றாம் படி என்று பேசுகிறீர்கள். பிழையில் பெரும்பங்கு பூஜ்ஜியமாவது படியில் நடக்கிறது: எந்த மலத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்பதில்.

டப்பாவின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும் மலம் மட்டும்தான் இந்தப் பரிசோதனைக்கு உரியது. மலத்தின் இளக்கத்தை 1 முதல் 7 வரை வகுக்கும் பிரிஸ்டல் அட்டவணையில் 5 முதல் 7 வரை என்று சிலர் வைக்கிறார்கள், கறாராக 6, 7 மட்டும் என்று சிலர். எண்ணில் சண்டை வேண்டாம் என்றால் குச்சிச் சோதனை இருக்கிறது. மரக்குச்சியைச் சாம்பிளுக்குள் நிறுத்துங்கள். குச்சி நின்றால் திருப்பி அனுப்புங்கள், சாய்ந்தால் செய்யுங்கள். பத்து வினாடி வேலை. எந்த மென்பொருளும் இவ்வளவு மலிவாகப் பொய்ப் பாசிட்டிவைக் குறைக்காது.

கோரிக்கைப் படிவத்தில் மூன்று கேள்வி கட்டாயமாக இருக்கட்டும். 24 மணி நேரத்தில் 3 அல்லது அதற்கு மேல் இளகிய மலம் போனதா? கடந்த 48 மணி நேரத்தில் மலமிளக்கி கொடுத்தீர்களா? கடந்த 7 நாளில் இதே சோதனை செய்தாகிவிட்டதா? ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையின் சாம்பிளை வழக்கமாக ஏற்கவே கூடாது. அந்த வயதில் கிருமியைச் சுமப்பது சாதாரணம். 1935-இல் இதை முதன்முதலில் கண்டதே பிறந்த குழந்தைகளின் மலத்தில்தான், அதுவும் ஆரோக்கியமான குழந்தைகள். குடல் அழற்சியோடு இதற்குத் தொடர்பு என்று தெரிய 1978 ஆகிவிட்டது.

சாம்பிள் எடுப்பது: கசியாத, சுத்தமான, உலர்ந்த டப்பா. ஃபார்மலின் போன்ற பதப்படுத்தி எதுவும் கூடாது. நச்சு அறை வெப்பநிலையில் சிதையும் புரதம். 2 மணி நேரத்துக்குள் லேப்புக்கு வர வேண்டும், முடியாவிட்டால் 2–8° செ.யில் வைக்க வேண்டும். வார்டு மேசையில் இரவு முழுக்கக் கிடந்த டப்பாவில் நச்சு நெகட்டிவ் வந்தால் அதற்குப் பொருளே கிடையாது. அதே டப்பாவில் ஜிடிஎச்சும் பிசிஆரும் பாசிட்டிவாகவே வரும், "மாறுபட்ட முடிவு" என்று நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். முதலில் எடுத்த நேரத்தையும் வந்த நேரத்தையும் பாருங்கள்.

இப்போது கேசட், அதாவது எலைசாவை விரைவாகச் செய்யும் சிறு சோதனைத் தட்டு. ஜிடிஎச்சும் நச்சும் ஒரே சவ்வில் வரும் வகையில் பரவலாக இருக்கும் ஒன்றின் அளவுகள் இவை. உங்கள் கிட் வேறு என்றால் அதன் உள்தாளே சட்டம். நீர்ப்பி (நீர்க்கச் செய்யும் கரைசல்) 750 மைக்ரோலிட்டர், கான்ஜுகேட் (நொதி இணைத்த எதிர்ப்பொருள்) 1 சொட்டு, மலம் 25 மைக்ரோலிட்டர். கலக்கி 500 மைக்ரோலிட்டரைச் சாம்பிள் குழியில் விடு. 15 நிமிடம். கழுவுநீர் 300 மைக்ரோலிட்டர். சப்ஸ்ட்ரேட் (நிறம் தரும் கரைசல்) 2 சொட்டு. சரியாக 10-ஆம் நிமிடத்தில் படி.

கெட்டுப்போகும் இடங்கள்:

கேசட்டும் ரீஏஜென்டும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஓட்டுவது. எல்லாம் அறை வெப்பநிலைக்கு வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நச்சுக் கோடு மங்கிவிடும்.

சாம்பிளைக் கலக்காமல் மேலே மிதக்கும் நீரை மட்டும் உறிஞ்சுவது. நல்ல சுழல் கலக்கல் வேண்டும்.

"கொஞ்சம் கூடப் போட்டால் நன்றாகப் பிடிக்கும்" என்று மலத்தை அதிகமாகப் போடுவது. சவ்வு அடைத்து, பின்னணி கறுத்து, கோடு எது கறை எது என்று தெரியாமல் போகும்.

25-ஆம் நிமிடம் போய்ப் படிப்பது. அப்போது எல்லா ஜன்னலிலும் ஏதோ ஒரு நிழல் இருக்கும்.

கட்டுப்பாட்டுக் கோடு இல்லாத கேசட்டில் நச்சுக் கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது செல்லாது. திரும்ப ஓட்டுங்கள். மங்கலான நச்சுக் கோடு, கட்டுப்பாடு சரியாக இருந்து குறித்த நேரத்தில் தெரிந்தால், பாசிட்டிவ்தான். இதில் இரண்டு பேர் தனித்தனியாகப் படிப்பது நல்ல வழக்கம்.

பிசிஆரில் இதற்கு நேர்மாறான தொல்லை. மலத்தில் உள்ள பித்த உப்பு முதலியவை வினையை அடக்கும். உள்கட்டுப்பாடு (வினை நடந்ததா என்று காட்டச் சேர்க்கும் மரபணுத் துண்டு) எழும்பவில்லை என்றால் "நெகட்டிவ்" என்று எழுதக் கூடாது, "செல்லாது" என்றுதான் எழுத வேண்டும். பல கருவிகளில் சாம்பிளை அதிகம் திணிப்பதே இதற்குக் காரணம்.

#6 புதுலேப்

7 நாள் விதி புரிகிறது. ஆனால் சிகிச்சை முடிந்த பிறகு "நெகட்டிவ் ஆகிவிட்டதா" என்று பார்க்க அனுப்புகிறார்களே? முதியோர் இல்லம் கேட்கிறது, வேறு வார்டு கேட்கிறது என்கிறார்கள்.

#7 தட்டும் குச்சியும்

செய்யாதீர்கள். வயிற்றுப்போக்கு நின்று நன்றாகிவிட்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் வாரக்கணக்கில் பாசிட்டிவாகவே இருப்பார்கள். நெகட்டிவ் சான்றிதழ் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டிய விடை: "48 மணி நேரமாக வயிற்றுப்போக்கு இல்லை." அதுதான் அளவுகோல். மலம் கெட்டியாகிவிட்டால் குச்சியே அந்தச் சாம்பிளைத் திருப்பி அனுப்பிவிடும் என்பது கூடுதல் வசதி.

#8 மூன்றாம்மாடி வார்டு

குச்சிக்கு ஒரு விலக்கு உண்டு. குடல் அசைவு நின்றுபோன நோயாளிக்கு வயிற்றுப்போக்கே இருக்காது, நோய் உச்சத்தில் இருக்கும். அவருக்கு மலம் கிடைக்காவிட்டால் மலக்குடல் துடைப்பானை (ஸ்வாப்) ஏற்றுக்கொண்டு பிசிஆரோ கல்ச்சரோ (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) செய்யலாம். நச்சு எலைசாவுக்குத் துடைப்பானில் வரும் அளவு போதாது. மருத்துவர் போன் செய்து சொன்னால் லேப் மறுக்கக் கூடாது.

சிகிச்சை இந்த இழையின் பொருள் இல்லை என்றாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நரம்பு வழி வான்கோமைசின் பெருங்குடலுக்குள் போகாது. வாய் வழி 125 மி.கி., நாளைக்கு 4 முறை, 10 நாள். குடல் அசைவு நின்ற கடுமையான நிலையில் வாய் வழியோ மூக்குக் குழாய் வழியோ 500 மி.கி. 6 மணிக்கொரு முறை, கூடவே நரம்பு வழி மெட்ரோனிடசோல் 500 மி.கி. 8 மணிக்கொரு முறை, மலக்குடல் வழி வான்கோமைசினும் சேரலாம். அறுவை மருத்துவரை அன்றே கூப்பிட வேண்டும்.

#9 குளோரின் கணக்கர்

லேப் விஷயம் ஓரளவு தீர்ந்தது போலிருக்கிறது, வார்டுக்கு வருவோம். முதலில் ஒன்று: தொடுகைத் தடுப்பு சாம்பிள் அனுப்பும்போதே தொடங்க வேண்டும், முடிவு வந்தபின் இல்லை. தனியறை, தனிக் கழிப்பறை. தனியறை குறைவாக இருந்தால் மலம் கட்டுப்படுத்த முடியாதவருக்கு முன்னுரிமை. அறை இல்லாவிட்டால் தனிக் கமோடாவது.

கிருமியின் ஸ்போர் (தடித்த உறை கொண்ட உறங்கும் வித்து) உலர்ந்த பரப்பில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குவாட்டர்னரி அமோனியம் வகைத் தரைக் கிருமிநாசினி அதை ஒன்றும் செய்யாது. தினம் நறுமணத்தோடு துடைத்தாலும், ஸ்போர் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாறும், அவ்வளவுதான்.

குளோரின் வேண்டும், குறைந்தது 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), சில வழிகாட்டிகளில் 5,000 வரை. கணக்கு இதோ. 5% ஹைப்போகுளோரைட் என்றால் 50,000 பிபிஎம். 10 லிட்டர் வாளியில் 1,000 பிபிஎம் வேண்டுமானால் 200 மி.லி. ஹைப்போகுளோரைட், 9.8 லிட்டர் தண்ணீர். 5,000 வேண்டுமானால் 1 லிட்டருக்கு 9 லிட்டர் தண்ணீர்.

இதில் பொறி எங்கே என்றால், கேனில் எழுதியிருக்கும் 5% தயாரித்த நாளின் கணக்கு. வெயில் படும் இடத்தில், மூடி திறந்து கிடந்த கேன் 3%-க்கு இறங்கியிருந்தால் அதே 200 மி.லி. உங்களுக்கு 600 பிபிஎம்தான் தரும். பதிவேட்டில் 1,000 என்று எழுதியிருப்பீர்கள். சோதனைப் பட்டை வைத்துப் பாருங்கள். கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்குங்கள். மாத்திரை வடிவக் குளோரின் இந்த விஷயத்தில் நம்பகமானது, கரைக்கும் அளவு உறையில் இருக்கும்.

அடுத்த பொறி, அழுக்கின்மேல் குளோரின் ஊற்றுவது. மலம் குளோரினைத் தின்றுவிடும். முதலில் சோப்புக் கரைசலால் அழுக்கை நீக்கு, பிறகு குளோரின். அமிலம் கலந்த கழிப்பறைச் சுத்திகரிப்பானோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

மூன்றாவது, ஈரமாக இருக்கும் நேரம். பெரும்பாலான உறைகளில் 10 நிமிடம் என்றிருக்கும். பிழிந்த துணியால் துடைத்த மேசை இரண்டு மூன்று நிமிடத்தில் காய்ந்துவிடும். காய்ந்தால் வேலை நின்றது. துணி சொட்டாமல் ஆனால் நன்றாக நனைந்திருக்க வேண்டும், தேவைப்பட்டால் இரண்டாம் முறை. துணியை ஒரு பரப்புக்கு ஒன்று என்று மாற்றாவிட்டால் முதல் கட்டிலின் ஸ்போரை ஆறாவது கட்டிலுக்கு நீங்களே கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள்.

எந்தப் பரப்பு? தரையைவிடக் கை படும் இடம் முக்கியம்: கட்டில் கம்பி, அழைப்பு மணி, மருந்துப் பம்பின் பொத்தான், கமோடின் கைப்பிடியும் அடிப்பகுதியும், ஃப்ளஷ் பிடி, கதவுப் பிடி. மலக்குடலில் வைக்கும் மின்னணு வெப்பமானியை அடியோடு நிறுத்துங்கள். ரத்த அழுத்தப் பட்டை, ஸ்டெதஸ்கோப் அந்த நோயாளிக்கே தனி.

பெட்பேன் கழுவும் இயந்திரத்தை நம்பி ஏமாறாதீர்கள். 80° செ.யில் 1 நிமிடம் என்ற சுழற்சி சாதாரணக் கிருமிகளுக்கு. ஸ்போர் அதில் சாகாது. இயந்திரம் ஸ்போரைக் கழுவி வெளியேற்றுவதுதான் பலன், ஆகவே சோப்புத் தொட்டி காலியாக இருந்தால் பலனே இல்லை. தெளிப்பு முனை அடைத்திருக்கிறதா என்று யாராவது பார்க்கிறார்களா?

ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியும் புறஊதா விளக்கும் நோயாளி போன பிறகு, கையால் துடைத்து முடித்த அறைக்கு மேல்பூச்சு. விளக்கின் நிழலில் இருக்கும் பரப்புக்குக் கதிர் போகாது. துடைப்பதற்குப் பதிலாக இவற்றை வாங்குவது வீண்.

#10 கைகழுவு

மேற்கோள்: "குவாட்டர்னரி அமோனியம் … ஒன்றும் செய்யாது"

ஆல்கஹால் கைத்தேய்ப்பும் அதே ரகம்தான். இந்த வார்டுகளில் அதைக் கழற்றி எறிய வேண்டும், சோப்பும் தண்ணீரும் மட்டும் வைக்க வேண்டும்.

#11 குளோரின் கணக்கர்

முதல் பாதி சரி, இரண்டாம் பாதி ஆபத்து. சோப்பும் ஸ்போரைக் கொல்லாது. உரசி, அலசி, குழாயோடு அனுப்பிவிடுகிறது. அதற்கு நேரம் ஒதுக்கித் தேய்க்க வேண்டும், தொட்டி பக்கத்தில் இருக்க வேண்டும். தொட்டி இருபது அடி தள்ளி இருக்கும் வார்டில் கைத்தேய்ப்பைப் பிடுங்கினால் கையே கழுவ மாட்டார்கள். பிறகு மற்ற கிருமிகளெல்லாம் கொண்டாடும்.

உண்மையான காவல் கையுறை. ஸ்போர் கையில் ஏறாமல் இருப்பது, ஏறிய பின் கழுவுவதைவிட எளிது. உள்ளே நுழையும்போதே கையுறையும் கவுனும், வெளியே வருமுன் இரண்டையும் கழற்றிவிட்டு சோப்பால் கழுவு. அமெரிக்க வழிகாட்டுதலும் பரவல் நேரத்தில், அல்லது எண்ணிக்கை தொடர்ந்து உயர்ந்திருக்கும் இடத்தில், சோப்புக்கு முன்னுரிமை என்கிறது. மலம் பட்டிருந்தாலோ பட்டிருக்க வாய்ப்பிருந்தாலோ எப்போதுமே சோப்புதான். மற்ற நோயாளிகளுக்குக் கைத்தேய்ப்பு இருந்துவிட்டுப் போகட்டும். நோயாளியின் கையையும் மறந்துவிடாதீர்கள், சாப்பிடுமுன் அவர் கைகழுவ யாராவது உதவ வேண்டும்.

#12 வித்துவேட்டை

பிசிஆரும் கேசட்டும் வந்தபின் எல்லோரும் கல்ச்சரைக் கைவிட்டுவிட்டார்கள். பரவல் சந்தேகம் வரும்போதுதான் அந்த இழப்பு தெரியும். பிசிஆர் பாசிட்டிவ் என்ற எழுத்தை வைத்து இனம் பிரிக்க முடியாது, கையில் கிருமி வேண்டும்.

செய்வது கடினமில்லை. மலத்தோடு சம அளவு எத்தனால் கலந்து அறை வெப்பநிலையில் 30 முதல் 60 நிமிடம் வைத்தால் மற்ற கிருமிகள் சாகும், ஸ்போர் நிற்கும். 80° செ.யில் 10 நிமிடம் சூடாக்குவதும் உண்டு, எத்தனால் கையாள எளிது. பிறகு சைக்ளோசெரின், செஃபாக்ஸிடின், ஃபிரக்டோஸ் சேர்ந்த அகார் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு). 0.1% டாரோகோலேட் என்ற பித்த உப்பைச் சேர்த்தால் ஸ்போர் நன்றாக முளைக்கும். எத்தனால் முறை செய்துவிட்டு டாரோகோலேட் இல்லாத தட்டில் பூசினால் "வளரவில்லை" என்று வருவதில் வியப்பில்லை. நீங்கள் வைத்திருப்பது தூங்கும் ஸ்போர் மட்டும், அதை எழுப்ப ஒன்றுமில்லை.

தட்டை முன்கூட்டியே ஆக்சிஜன் இல்லாச் சூழலில் சில மணி நேரம் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். 37° செ., 48 மணி நேரம், நடுவில் ஜாடியைத் திறக்காதீர்கள். ஜாடிக்குள் ஆக்சிஜன் காட்டும் பட்டை, ஆக்சிஜன் இல்லாதபோது வர வேண்டிய நிறத்துக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். காலனி மஞ்சள், தட்டை, ஓரம் இழையிழையாக, உள்ளே நொறுங்கிய கண்ணாடி போல. குதிரை லாயத்து வாடை. பாரா கிரெசால் தயாரிப்பதால் வருவது, ஒருமுறை தெரிந்துகொண்டால் மறக்காது. ஆனால் மூக்கைத் தட்டருகே கொண்டுபோகாதீர்கள். இரத்த அகாரில் நீண்ட அலை புறஊதாவில் மஞ்சள் பச்சையாக ஒளிரும்.

மால்டிடாஃப் (புரதங்களின் எடையை வைத்துக் கிருமியை அடையாளம் காணும் கருவி) "சி.டிஃப்" என்று சொன்னதோடு நிறுத்திவிட்டால் பாதி வேலைதான். அது எந்தக் கிருமி என்று சொல்லும், நச்சைச் சொல்லாது. காலனியிலிருந்து நச்சு எலைசாவோ பிசிஆரோ செய்தால்தான் நச்சு இனம் என்று எழுத முடியும்.

இப்போது பரவலுக்கு வருவோம். ஒரே வார்டில் இரண்டு பேருக்கு ஒரே ரைபோடைப் (மரபணு அமைப்பை வைத்துப் பிரிக்கும் உள்வகை) என்பதால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனது என்று ஆகாது. ஒரு ரைபோடைப் ஊரெங்கும் பரவலாக இருக்கலாம். முழு மரபணு வரிசைதான் நெருக்கத்தைச் சொல்லும். ஆக்ஸ்போர்டுஷயரில் 2007 முதல் 2011 வரையிலான நோயாளிகளின் கிருமிகளை வரிசைப்படுத்தி 2013-இல் வந்த ஆய்வில், முந்தைய நோயாளி ஒருவரின் கிருமியோடு 2 அல்லது அதற்குக் குறைந்த மரபணு எழுத்து வேறுபாடு இருந்தது 35% பேருக்குத்தான். 45% பேருக்கு 10-க்கும் மேற்பட்ட வேறுபாடு. அதாவது பெரும்பாலானவர்களுக்குப் பக்கத்துக் கட்டில் நோயாளி மூலமில்லை. அறிகுறியில்லாச் சுமப்பவர், வெளியிலிருந்து வந்தது என்று பல வழி.

அதனால்தான் துடைப்பதால் மட்டும் எண்ணிக்கை இறங்காத இடங்கள் இருக்கின்றன. கிருமி குடலில் இருந்தாலும் நோயாக மாற நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) கதவைத் திறந்துவிட வேண்டும். கிளிண்டமைசின், மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின், ஃபுளோரோகுயினோலோன், கார்பபெனெம் ஆகியவை முக்கியச் சாவிகள். 2000-களில் கியூபெக்கிலும் பிறகு பல நாடுகளிலும் ஆட்டம் போட்ட ரைபோடைப் 027, ஃபுளோரோகுயினோலோனுக்கு எதிர்ப்பு உடையது. இங்கிலாந்தில் எண்ணிக்கை சரிந்தபோது ஃபுளோரோகுயினோலோனை எதிர்க்கும் இனங்கள்தான் சரிந்தன, எதிர்க்காத இனங்கள் அப்படிச் சரியவில்லை. துடைப்பும் கைகழுவலும் மட்டும் காரணமென்றால் எல்லா இனமும் சேர்ந்தல்லவா இறங்கியிருக்க வேண்டும்? குளோரினுக்கு எந்த இனம் என்று பார்க்கத் தெரியாது.

குளோரின் கணக்கர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

#13 குளோரின் கணக்கர்

கோபமில்லை. ஆனால் அந்த 35%-ஐத் தடுப்பது என் வாளிதான்.

#14 காற்றில்லாப்பெட்டி

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். எண்ணும் முறை முதலில் சரியாக இருக்க வேண்டும். சேர்ந்த நாளை 1 என்று வைத்து, 4-ஆம் நாளோ அதற்குப் பிறகோ எடுத்த சாம்பிள் பாசிட்டிவ் என்றால் மருத்துவமனையில் தொடங்கியது. முந்தைய பாசிட்டிவிலிருந்து 14 நாளுக்குள் வந்தது அதே நோய், எண்ணக் கூடாது. 14 நாளுக்குப் பின் 8 வாரத்துக்குள் என்றால் மறுதாக்கம், தனிப் பட்டியல். விகிதத்தை 10,000 நோயாளி நாட்களுக்கு இத்தனை என்று போடுங்கள். வெறும் தலைக்கணக்கு, படுக்கைகள் நிரம்பிய மாதத்தில் தானாகவே ஏறும்.

பிறகு மூன்று கோடுகளை ஒரே வரைபடத்தில் போடுங்கள்: அனுப்பிய சாம்பிள் எண்ணிக்கை, பிசிஆர் பாசிட்டிவ், நச்சு பாசிட்டிவ். பிசிஆர் கோடு மாறிய தேதியில் படிக்கட்டு போலத் தாவி, பிறகு சமமாக ஓடி, நச்சுக் கோடு அசையாமல் இருந்தால் அது பரிசோதனையின் வேலை. நச்சுக் கோடும் சேர்ந்து ஏறினால், அதுவும் ஒரு வார்டில் குவிந்து ஏறினால், வார்டுக்கு ஓடுங்கள். சாம்பிள் எண்ணிக்கை மட்டும் ஏறியிருந்தால் குச்சியைத் தேடுங்கள்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வார்டில் சட்டென்று பலருக்கும், ஊழியர்களுக்கும் வாந்தியோடு வயிற்றுப்போக்கு என்றால் நோரோவைரஸையும் பாருங்கள். சேர்ந்து 3 நாளைத் தாண்டியவருக்கு சால்மோனெல்லா, ஷிகெல்லா கல்ச்சர் வழக்கமாகத் தேவையில்லை, பரவல் சந்தேகம், எதிர்ப்பாற்றல் குறைவு போன்ற காரணம் இருந்தாலன்றி. நுண்ணுயிர்க்கொல்லிக்குப் பின் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கோடு வந்து சி.டிஃப் நெகட்டிவாகவே இருந்தால் கிளெப்சியெல்லா ஆக்ஸிடோகா என்ற கிருமியைத் தேடச் சொல்லலாம், அதற்கு லேப்பிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

#15 புதுலேப்

நச்சுக் கோடு வேண்டும் என்கிறீர்கள். மாறிய பிறகு வந்த பிசிஆர் பாசிட்டிவ் சாம்பிள்கள் −20° செ.யில் இருந்தால், இப்போது எடுத்து கேசட்டில் ஓட்டலாமா?

#16 வித்துவேட்டை

ஓட்டலாம், ஆனால் முடிவை ஒரு பக்கமாக மட்டும் நம்புங்கள். −20-இல் நச்சு மெல்லக் குறையும், உருக்கி உறைய வைக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் குறையும். ஆகவே பாசிட்டிவ் வந்தால் பாசிட்டிவ், நெகட்டிவ் வந்தால் "தெரியாது" என்று தனிப் பத்தியில் எழுதுங்கள். ஸ்போர் குளிரில் சாகாது, அதனால் அதே குழாயிலிருந்து கல்ச்சர் நன்றாக வரும். உருக்குமுன் இரண்டு பங்காகப் பிரிக்க முடியாதே என்று கவலைப்படாதீர்கள். ஒருமுறை உருக்கியதும் முதலில் கேசட்டுக்கு 25 மைக்ரோலிட்டர், மீதியில் எத்தனால், அதே நாளில். இனிமேல் வரும் பாசிட்டிவ்களைப் புதிதாக இருக்கும்போதே கேசட்டில் ஓட்டிவிட்டு, 0.5 மி.லி. வீதம் இரண்டு குழாயில் −70-க்கு அனுப்புங்கள். குழாயில் தேதி, வார்டு, கட்டில் எண் மூன்றும் இருக்கட்டும். கட்டில் எண்ணைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பிறகு வரிசைப்படுத்தல் முடிவு கையில் இருந்தும் யார் யாருக்குப் பக்கத்தில் படுத்திருந்தார் என்று தெரியாமல் போகும்.